கடலோரத் தோட்டப் பட்டணத்தில் மழையும் கடலேற்றமும்: வீட்டைக் காக்கும் முறை

பந்திங், கேரித் தீவு, கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், பாகான் டத்தோ என்று மலேசியாவின் மேற்குக் கரையோரம் நெடுகிலும் உள்ள தோட்டப் பட்டணங்களின் நிலம் தாழ்வானது. பல இடங்களில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது ஒரு மண் பண்டும் (தடுப்புக் கரையும்) சில நீர்க்கதவுகளும்தான். சதுப்பு மண்ணில் வாய்க்கால் வெட்டி, பண்டு கட்டிய பிறகே செம்பனையும் தென்னையும் இங்கே நின்றன. ஆகவே இங்கே மழை மட்டும் வெள்ளத்தைக் கொண்டுவருவதில்லை. மழை கொட்டும் நேரத்தில் கடல் ஏறி நின்றால் நீர்க்கதவு மூடிக்கொள்ளும். வாய்க்கால் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. 50 மி.மீ. மழை ஒரு ஹெக்டர் நிலத்தில் கொட்டும் தண்ணீர் 5 லட்சம் லிட்டர். கடல் வற்றியிருந்தால் அது ஓடிவிடும், ஏறியிருந்தால் வாசலுக்கு வரும். வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். மழை அறிவிப்பையும் கடலேற்ற அட்டவணையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எந்த மாதத்தில் என்ன வரும்

நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம்தான் கடுமையாக இறங்கும். நமக்கு நடுவே தீத்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதற்காக அலட்சியமாக இருக்கக் கூடாது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரில் விடாமல் பெய்த மழையில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கின.

மேற்குக் கரைக்கு வழக்கமாக மழை கூடும் காலம் இரண்டு: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். இரண்டும் பருவக்காற்று மாறும் இடைக்காலம். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பிற்பகலில் மேகம் கட்டி மாலைக்குள் இடியோடு கொட்டும். ஐப்பசியில் அடைமழை என்ற பேச்சு இங்கேயும் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலை நம்பி இங்கே பந்தல் போட்டால் நனைய வேண்டியதுதான். சித்ரா பௌர்ணமி ஊர்வலத்தையோ திறந்தவெளி விருந்தையோ பிற்பகலுக்கு முன்பே முடிப்பது நல்லது.

ஓரளவு காய்ந்த மாதங்கள் பிப்ரவரியும் ஜூன்-ஜூலையும். கூரை வேலை, சாயம் பூசுவது, வாய்க்கால் வாருவது, வற்றல் வடகம் போடுவது எல்லாம் இந்த மாதங்களுக்கு. ஜூன்-ஜூலை அடங்கிய தென்மேற்குப் பருவத்தில்தான் சுமத்ரா காற்றும் வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, மலாக்கா நீரிணையைத் தாண்டி வரிசையாக மேகத்தோடு அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குள் கூரைத் தகரத்தைப் பிடுங்கிப்போடவும் தென்னையைச் சாய்க்கவும் அதனால் முடியும்.

அமாவாசையும் பௌர்ணமியும்

கடலேற்றம் நாளுக்கு இரண்டு முறை, ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளியில் வரும். அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஏற்றம் மிக அதிகம். அஷ்டமியை ஒட்டி மிகக் குறைவு. இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களைச் சுற்றி, பங்குனியிலும் புரட்டாசி-ஐப்பசியிலும், ஆண்டின் பெரிய ஏற்றங்கள் வரும். கிள்ளான் துறைமுகத்தில் அப்போது அட்டவணை உயரம் 5.5 மீட்டரைத் தொடுவது உண்டு.

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே பாதி எச்சரிக்கையைத் தந்துவிடும். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருகிறது, அதுவும் மழை உச்சத்தில் இருக்கும் மாதத்தில். தீபாவளி வாரத்தில் முறுக்கு மாவு, புதுத்துணி, பலகாரத் தகரங்களைத் தரையில் அடுக்காமல் மேசை உயரத்துக்கு மேல் வைப்பது பெரிய வேலை இல்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிள்ளான் கரைப்பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் உச்ச ஏற்றம் பெரும்பாலும் விடியலையும் அந்தியையும் ஒட்டியே வருகிறது. இடைக்கால இடிமழையும் மாலையில்தான் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த இரண்டு மூன்று மாலைகளில் வீட்டை ஆளில்லாமல் விட்டுப் போகாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கான எண்ணைக் கண்டுபிடிப்பது

கடலேற்ற அட்டவணையைத் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கிள்ளான் துறைமுகம், லூமுட் போன்ற இடங்களுக்குத் தனித்தனிப் பட்டியல் உண்டு. அதில் உள்ள உயரம் ரோட்டிலிருந்தோ வீட்டுத் தரையிலிருந்தோ அளந்தது அல்ல, கடல் மிகத் தாழ வற்றும் மட்டத்திலிருந்து அளந்தது. 5.3 மீட்டர் என்று பார்த்ததும் வீடு மூழ்கிவிடும் என்று பயப்படவும் வேண்டாம், போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் வாய்க்காலுக்கு எந்த எண் ஆபத்து என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம்.

2 மீட்டர் நீளமுள்ள ஒன்றரை அங்குல பிவிசி குழாய் ஒன்று வாங்குங்கள். 10 செ.மீ.க்கு ஒரு கோடு சாயத்தால் போட்டு, வீட்டுக்கு மிக அருகில் உள்ள பெரிய வாய்க்காலின் பக்கச் சுவரிலோ பாலத்தூணிலோ செங்குத்தாகக் கம்பியால் கட்டுங்கள். பூஜ்யக் கோடு வாய்க்காலின் சிமெண்டுத் தரையைத் தொட வேண்டும், மேலே படிந்த சேற்றை அல்ல. அடுத்தது, வீட்டுத் தரைமட்டத்தை அந்தக் குழாயில் குறிப்பது. அதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல் தட்டி வெளியேற்றி, ஒரு முனையை வாசற்படியிலும் மறு முனையை அளவுக் குழாயிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வாசற்படி மட்டத்தை அளவுக் குழாயில் சிவப்புக் கோடாகப் போடுங்கள். குமிழி ஒன்று உள்ளே இருந்தாலும் கோடு தப்பாகும்.

பிறகு ஒரு நோட்டு. மழை இல்லாத அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நான்கு விஷயம் எழுதுங்கள்: தேதி, அட்டவணை சொன்ன உயரமும் நேரமும், குழாயில் தண்ணீர் நின்ற கோடு, அது உச்சத்தைத் தொட்ட நேரம். நாலைந்து பதிவு சேர்ந்ததும் இரண்டு விவரம் தெரிந்துவிடும். ஒன்று, அட்டவணை நேரத்துக்கும் உங்கள் வாய்க்காலின் உச்சத்துக்கும் உள்ள தாமதம். ஆற்றில் மேலே போகப் போக இந்தத் தாமதம் கூடும். தெலுக் இந்தான் மாதிரி ஆற்றோரப் பட்டணத்துக்குக் கடல்வாய் நேரம் அப்படியே பொருந்தாது. இரண்டு, சிவப்புக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது. அட்டவணை 5.2 சொன்ன நாளில் மழையே இல்லாமல் 40 செ.மீ. மட்டும் மிச்சம் என்றால், 5.2-க்கு மேல் வரும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எச்சரிக்கை நாள். அந்த நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். உச்ச நேரத்துக்கு 3 மணி நேரம் முன்பிருந்து 3 மணி நேரம் பின்பு வரை எப்போது கனமழை வந்தாலும் சாமான் தூக்கத் தொடங்க வேண்டும்.

மழையே இல்லாத நாளில், ஏற்றத்தின்போது வாய்க்கால் தண்ணீர் பின்னோக்கி ஓடி வேகமாக ஏறுகிறதா? நீர்க்கதவு சரியாக மூடவில்லை. தேங்காய் மட்டையோ செம்பனை ஓலையோ கதவின் விளிம்பில் சிக்கினால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். கதவில் நீங்களே இறங்காதீர்கள், இழுப்பு பலமாக இருக்கும். நேரம் தெரியும்படி படம் எடுத்து வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு அனுப்புங்கள், தோட்டத்துக் கதவு என்றால் தோட்ட ஆபீசுக்கு. உப்புத் தண்ணீர் நின்று போன இடத்தில் காய்ந்ததும் வெள்ளை படியும். அங்கே வாழையும் கத்தரியும் ஓரம் கருகும். நல்ல மழை இரண்டு மூன்று கழுவிய பிறகே மறுபடி நட வேண்டும்.

கூரையும் லோங்காங்கும்

கடற்காற்றில் ஜிங்க் தகரம் ஆணித் துளையிலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆணியின் கீழே உள்ள ரப்பர் வாஷர் வெயிலில் இறுகி வெடித்துவிட்டதா என்று ஜூன் மாதத்திலேயே பாருங்கள். விரல் நகத்தால் அழுத்தினால் குழியாமல் பொடிந்து வந்தால் மாற்ற வேண்டும். பழைய ஆணியைப் பிடுங்கி அதே துளையில் புது ஆணி அடிப்பது வீண், காற்று இரண்டு முறை ஆட்டினால் கழன்றுவிடும். ரப்பர் வாஷர் வைத்த திருகாணி போடுங்கள். மரச்சட்டத்துக்குக் கூர்முனை, இரும்புச் சட்டத்துக்குத் துளையிடும் முனை. தகரத்தின் மேட்டில் திருக வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை வைத்ததாகிவிடும். வாஷர் லேசாகப் பிதுங்கித் தெரியும்வரை முறுக்கினால் போதும். இன்னும் முறுக்கினால் ரப்பர் கிழியும், அந்த மழையிலேயே ஒழுகும்.

காற்று கூரையை நடுவில் தூக்குவதில்லை, ஓரத்தில்தான் கிளப்பும். இறவாரத்திலும் பக்க ஓரங்களிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு திருகாணி, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. மேலே ஏறினால் ஆணி வரிசை மேலேயே கால் வையுங்கள், அதன் கீழேதான் சட்டம் இருக்கிறது. பழைய லயத்து வீடுகளில் தகரத்துக்குப் பதில் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதைத் துளையிடவோ தேய்த்துக் கழுவவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நிர்வாகத்திடம் சொல்லித் தெரிந்தவர்களைக் கொண்டு மாற்றுங்கள்.

வாசல் லோங்காங்கில் (சாக்கடை வாய்க்காலில்) கண்ணுக்குத் தெரியும் குப்பையை விட, வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் சிமெண்டுப் பலகைக்கு அடியில் உள்ள சேறுதான் தண்ணீரை நிறுத்தும். ஒரு கம்பை விட்டுப் பாருங்கள். 60 செ.மீ. ஆழத்தில் 20 செ.மீ. சேறு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு வீட்டார் மட்டும் வாரினால் பலன் இல்லை. வரிசையில் கடைசி வீட்டிலிருந்து, அதாவது தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்து, மேல்நோக்கி வார வேண்டும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழு வரிசையும் இறங்கினால் முடிந்துவிடும் வேலை இது.

இடி, மின்சாரம், வேலைக்காடு

செம்பனைக் குலை வெட்டுபவர்கள் கையில் இருப்பது நீண்ட அலுமினியக் கம்பு. மின்னலுக்கும் மின்கம்பிக்கும் இதைவிட மோசமான பொருள் இல்லை. மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் கம்பைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ மூடிய லோரிக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியும் திறந்த கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். இதை மண்டோரோடு (மேற்பார்வையாளரோடு) முன்கூட்டியே பேசி வையுங்கள். மேகம் கட்டிய பிறகு வாதாட நேரம் இருக்காது.

வீட்டு மின்பெட்டியில் உள்ள, மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும், விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். மழைக்குப் பின் அது திரும்பத் திரும்ப விழுந்தால் எல்லாச் சிறு சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் ஈரம் இருக்கிறது. பெரும்பாலும் வெளி விளக்கு, தண்ணீர் மோட்டார், இல்லாவிட்டால் சுடுநீர்க் கருவி. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். கரண்டு இல்லையென்றால் மின்சார நிறுவனமான தெனாகாவின் எண் 15454.

தண்ணீர் ஏறும் இரவு

வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை மூன்று நிறம்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆற்றுமட்டம் வடிகால் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் வரும்: வஸ்பாடா (கவனம்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). எச்சரிக்கை நாளில் ஆரஞ்சு வந்தாலோ ஆறு அமாரானைத் தொட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

முதலில் காரையும் மோட்டார் சைக்கிளையும் மேட்டுக்குக் கொண்டுபோங்கள், இது தாமதமானால் பிறகு முடியாது. அடுத்து குளியலறை. தண்ணீர் பல வீடுகளில் வாசல் வழியாக வருவதற்கு முன் குளியலறைத் துவாரம் வழியாகவே மேலே வரும். பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் உருண்டையாகக் கட்டித் துவாரத்தில் அழுத்தி, மேலே தண்ணீர் நிரப்பிய வாளியை வையுங்கள். கழிப்பறைக் குழிக்கும் அப்படியே. வாசலுக்கு மணல் மூட்டை என்றால் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். நிறைத்துக் கட்டிய மூட்டை படியாது, இடுக்கில் தண்ணீர் வரும். அடியில் பிளாஸ்டிக் விரித்து, செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி வையுங்கள்.

கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடி, குழாயைக் கழற்றி, நிமிர்த்திக் கம்பியில் கட்டுங்கள். வெள்ளத்தில் அது மிதந்து போகும், அதிலும் பாதி காலியானது நிச்சயமாக மிதக்கும். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), பிள்ளைகளின் பள்ளிப் பத்திரம் எல்லாவற்றையும் இரட்டை பிளாஸ்டிக்கில் போட்டு ஒரே பையில் வையுங்கள். அதே பையில் ஒரு வாரத்துக்கு உள்ள நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை, கைவிளக்கு, சார்ஜ் செய்த பவர் பேங்க். குடிநீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர்: ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர்.

தரையில் தண்ணீர் பரவுவதற்கு முன், கால் உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்குங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மின்பெட்டியைத் தொடக் கூடாது. வயதானவர்களையும் குழந்தைகளையும் வெளிச்சம் இருக்கும்போதே தற்காலிக நிவாரண மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே குடும்பத்தைப் பதிவு செய்வது முக்கியம், பிற்பாடு உதவிக்கு அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டால் நடந்து கடக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

வடிந்த பிறகு

மூழ்கிய மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. எஞ்சின் எண்ணெயை முதலில் இறக்கிப் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெயை மாற்றி, பிளக்கைக் கழற்றி, காற்று வடிகட்டியைக் காயவைத்த பிறகே உதைக்க வேண்டும்.

வீட்டுக்குள் போகும்போது பூட்ஸும் கையுறையும், கையில் ஒரு நீளக் கம்பும். மெத்தைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். எலி பிடிக்கச் செம்பனைக் காட்டில் திரியும் நாகம் வெள்ளத்தில் வீட்டைத்தான் தேடும். கழுவுவதற்கு முன் சேதத்தைப் படம் எடுங்கள். சேறு காய்வதற்குள் தள்ளுங்கள், காய்ந்தால் இருமடங்கு வேலை. பிறகு 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கோப்பை குளோராக்ஸ் கலந்து தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் துடையுங்கள். கதவு சன்னல் திறந்திருக்கட்டும். வினிகரோ வேறு கழிப்பறை மருந்தோ அதோடு சேரக் கூடாது, நச்சுப் புகை வரும். பஞ்சு மெத்தை நனைந்தால் மனம் கேட்காது, ஆனாலும் போட்டுவிடுங்கள், உள்ளே காயாது.

தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கி பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், கூரை பீலி, சாமி அறைப் பூச்சொம்பு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்க முடியாத தண்ணீர்த் தோங்குக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் மணல், 10 லிட்டருக்கு 1 கிராம்.

வெள்ளத்தில் கால் நனைத்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆக இருக்கலாம், டெங்கியாகவும் இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் டாக்டர் கேட்கும்வரை காத்திராமல், எந்த நாளில், எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றீர்கள், காலில் புண் இருந்ததா என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதா என்று அவர் முடிவு செய்ய இந்த விவரம் தேவை.